ஆறு விறகுப் பொறிகளும் ஒரு கையொப்பமும்

துறைமுகத்துக்கு எதிர்த்தெருவில், மூன்றாம் மாடியில், இறக்குமதிச் சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரம் எழுதித்தரும் அலுவலகம் ஒன்று இருந்தது. அங்கே முப்பத்தோர் ஆண்டுகளாக ஒரே நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்தவரை எல்லோரும் ‘எட்டிலக்கம்’ என்றே அழைத்தனர். கப்பலில் வந்திறங்கும் எந்தப் பொருளுக்கும் சுங்க அட்டவணையில் எட்டு இலக்க எண் ஒன்று உண்டு. தீர்வை எவ்வளவு, எந்தத் துறையின் முத்திரை வேண்டும், யார் வந்து சோதிக்க வேண்டும் என்பவையெல்லாம் அந்த எண்ணைக் கொண்டுதான் முடிவாகும். பொம்மைக்கு ஓர் எண். பொம்மையின் கண்ணாடிக் கண் தனியே வந்தால் அதற்கு வேறோர் எண். அந்த எண்ணைக் கண்டுபிடித்து எழுதி, அடியில் கையொப்பமிடுவதே அவர் தொழில்.

பயம் அவருடைய பிறவிச் சொத்து. பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெரு முனைக்குப் போனபின் திரும்பி வந்து நான்காம் முறையும் இழுப்பார். மின்தூக்கி நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று மூன்று மாடியும் படியேறியே வருவார். மழையில்லாத நாளிலும் குடையுண்டு. காகிதம் கடிக்காது, எண் எட்டி உதைக்காது என்னும் நம்பிக்கையில்தான் இளம் வயதில் இந்த வேலையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபின் விடவில்லை.

அந்தப் பயமே அவரைக் கெட்டிக்காரராகவும் ஆக்கிற்று. தவறிவிடுவோமோ என்ற அச்சத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை எழுதினார். எண், அதற்கான காரணம், பார்த்த பட்டியலின் பக்கம் என எல்லாம் பொடியெழுத்தில் இருக்கும். நான்கு இழுப்பறை நிறைய அட்டைகள். அதே பொருள் மறுபடி வந்தால் அட்டையை எடுப்பார், எண்ணைப் பெயர்த்தெழுதுவார். சுங்க அதிகாரிகளும் அவர் கையொப்பத்தைக் கண்டால் பெட்டியைத் திறக்காமலே அனுப்பிவிடுவார்கள். “எட்டிலக்கம் எழுதினா எமனே வந்தாலும் மாத்த முடியாது” என்று சுங்கக் கூடத்தில் ஒரு பேச்சு இருந்தது. அவர் எழுதிய பொருள்களில் நூற்றுக்குத் தொண்ணூறை அவர் கண்ணால் கண்டதே இல்லை என்பது மட்டும் யாருக்கும் தோன்றியதில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

ஓய்வுபெறப் பதினான்கு மாதங்கள் இருக்கும்போது, கணினி குலுக்கல் முறையில் ஒரு பத்திரத்தைப் பிடித்து நிறுத்திற்று: விறகுப் பொறி ஒன்று, ஏழாவது தவணை. பத்திரம் எழுதியவரே கிடங்குக்கு வந்து சரக்கைக் காட்ட வேண்டும் என்று ஆணை.

தகரக் கூரைக் கிடங்கில், பாதி உடைத்த பலகைப் பெட்டிக்குள் மஞ்சள் நிறத்தில் அது நின்றது. அவர் நினைத்ததைவிட மூன்று மடங்கு பெரிது. புதிதாக மாற்றலாகி வந்த பெண் அதிகாரி ஒருவர் வரிசை எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். இறக்குமதி செய்த நிறுவனத்தின் மெக்கானிக் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி பக்கத்தில் நின்றார்.

“இது என்னங்க பண்ணும்?” என்று அதிகாரி கேட்டார்.

எட்டிலக்கத்துக்கு அட்டையின் வாசகம் தலைகீழ்ப் பாடம். “வனத்தொழில் பொறி மேடம். இழுவை வண்டியின் பின்னால் பொருத்தத்தக்கது.”

“அது பேரு. என்ன பண்ணும்னு கேட்டேன்.”

மெக்கானிக் சிரித்தார். “சார் எழுதறவரு மேடம், ஓட்டறவரு இல்ல. நானே ஓட்டிக் காட்டிடறேன்.”

பொறி உறுமிற்று. சோதனைக்கென்று கொண்டுவந்திருந்த, தொடைப் பருமனுள்ள மரம் ஒன்று நீண்ட தொட்டியில் உருண்டு உள்ளே போயிற்று. வட்டவாள் இறங்கி முழத்துண்டாய் அறுத்தது. துண்டு கீழ்ப்பள்ளத்தில் விழுந்ததும், எண்ணெய் அழுத்தத்தில் நகரும் ஓர் இரும்புத் தண்டு அதைப் பின்னாலிருந்து தள்ளி எதிரேயிருந்த ஆப்பில் மோதிற்று. துண்டு நான்காய்ப் பிளந்து மறுபுறம் கொட்டியது. அடுத்த மரம், அறுப்பு, விழுதல், பிளப்பு. இடையில் யாரும் எந்தக் கருவியையும் மாற்றவில்லை.

அந்த நொடியிலேயே அவருக்குச் சரியான எண் தெரிந்துவிட்டது.

முதல் தவணை வந்தபோது அவர் பார்த்தது ஒரு விளம்பரப் பட்டியலின் முதற்பக்கத்தை மட்டும்தான். காட்டுக்குள், இழுவை வண்டிக்குப் பின்னால், மஞ்சள் பொறி, சுற்றிலும் மரங்கள். காட்டில் நிற்பதால் வனத்தொழில் பொறி என்று அட்டை எழுதினார். பிறகு அட்டையைப் பார்த்து ஆறு முறை எழுதினார். உண்மையில் இது மரவேலைப் பொறி. கருவி மாற்றாமலே ஒன்றுக்கு மேற்பட்ட வேலையைச் செய்யும் வகை. இரண்டுக்கும் தீர்வையில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் மரவேலை எண் எழுதியிருந்தால், விதிப்படி, பாதுகாப்பு ஆய்வாளர் வந்து பொறியை ஓட்டிப் பார்த்து முத்திரை வைத்த பிறகே அது கிடங்கை விட்டு வெளியேறும். வனத்தொழில் எண்ணுக்கு அந்தத் தடையில்லை. இதுவரை ஆறு பொறிகள் எவர் கண்ணிலும் படாமல் போயிருக்கின்றன.

பிளக்கும் பள்ளத்தில் ஒரு சிராய் சிக்கிக்கொண்டது. மெக்கானிக் மேல்மூடியைத் தூக்கினார். மூடி திறந்தும் தண்டு நிற்கவில்லை. அவர் பாட்டுக்குக் கையை உள்ளே விட்டுச் சிராயை உருவி எடுத்தார். அவர் விரல்கள் இருந்த இடத்தைத் தண்டு அடுத்த நொடியில் கடந்து ஆப்பில் மோதியது.

“ஐயோ, கை!” என்று எட்டிலக்கம் அலறிவிட்டார்.

“எதுக்கு சார் இப்படிப் பதறுறீங்க? இதெல்லாம் கணக்குப் பண்ணித்தான் விடுவோம்” என்று மெக்கானிக் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

பொறி நின்றபின் எட்டிலக்கம் குனிந்து பார்த்தார். அதன் காலில் ஒரு பிளாஸ்டிக் பை கட்டித் தொங்கியது. உள்ளே தீப்பெட்டியளவில் ஒரு சுவிட்ச், நான்கு திருகுகள், மடித்த ஒரு தாள். எந்தத் தாளையும் படிக்காமல் விடும் பழக்கம் அவருக்கில்லை. புரியாத மொழி, ஆனால் படங்கள் புரிந்தன. மூடியைத் திறந்தால் வாளும் தண்டும் உடனே நிற்க வேண்டும். நிறுத்துவது அந்தச் சுவிட்ச். கப்பல் பயணத்தில் உடையாதிருக்க அதைக் கழற்றிப் பையில் போட்டு, அது இருக்க வேண்டிய இடத்தில் தற்காலிகமாக ஒரு துண்டுக் கம்பியை இணைத்திருக்கிறார்கள். வந்து சேர்ந்ததும் கம்பியை எடுத்துவிட்டுச் சுவிட்சைப் பொருத்த வேண்டும்.

“தம்பி, இது எதுக்குன்னு தெரியுமா?”

“அதுவா? எல்லா மெஷின்லயும் வரும் சார். ஏதோ உபரி சாமான். அறுத்துத் தூக்கிப் போட்டுடுவோம்.”

“எல்லா மெஷின்லயும்னா?”

“போன ஆறுலயும்.”

எட்டிலக்கம் தாளை மடித்துப் பைக்குள் திரும்ப வைத்தார். அதிகாரி அதற்குள் எழுதுகோலைத் திறந்திருந்தார். “உங்க கையெழுத்தைப் பாத்தா நாங்க பெட்டியே திறக்க மாட்டோம்னு சொன்னாங்க. கம்ப்யூட்டர் இழுத்துடுச்சு, அதான். முடிச்சுடலாமா?”

இப்போது சொல்ல வேண்டும். “மேடம்... ஒரே ஒரு நாள் நிறுத்தி வைங்க. சின்னதா ஒரு சரிபார்ப்பு இருக்கு.”

அவ்வளவுதான் வந்தது.

அவர் மனைவி குடிநீர் வாரியத்தில் தொலைபேசிப் புகார்களைக் கேட்டு எழுதும் பிரிவில் இருப்பவர். நாள் முழுதும் ஊரார் வசவைக் காதில் வாங்குவதால் எதற்கும் அசையாதவர். அன்று மாலை, கணவர் செருப்பைக் கழற்றாமலே கூடத்தில் நிற்பதைக் கண்டார்.

“என்னங்க, பூட்டை அஞ்சாவது தடவை இழுக்க மறந்துட்டீங்களா?”

“ஒரு தப்பு நடந்துபோச்சு.”

“நீங்களா? தப்பா? இருங்க, நாள்காட்டியில குறிச்சு வைக்கிறேன்.”

அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போதே தம் கையைத் தாமே பிடித்துக்கொண்டிருந்தார். அம்மையாரின் முகத்திலிருந்த கேலி மெல்ல வடிந்தது.

“வெளிய சொன்னா என்ன ஆகும்?”

“கையொப்ப அட்டையைப் பறிச்சுடுவாங்க. அது இல்லாம நான் எழுதற எதுவும் செல்லாது. பதினாலு மாசம் இருக்கும்போது... முப்பத்தொரு வருஷத்துப் பேரு.”

“சொல்லலைன்னா?”

“யாருக்கும் தெரியாது.”

அம்மையார் புகார் எழுதும் குரலில், நிதானமாகக் கேட்டார்: “அந்த ஆறு மெஷினும் இப்போ, நாம பேசிட்டிருக்கிற இந்த நேரத்துல, ஓடிட்டிருக்குமா?”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தே முக்கால். விறகுக் கிடங்குகள் ஆறு மணி வரை இயங்கும். ஆறு மூடிகள், ஆறு தண்டுகள், சிராயை எடுக்க நீளும் ஆறு கைகள்.

மறுநாள் காலை, முதலாளியின் அறைக்குள் ஒரு கடிதத்தோடு நுழைந்தார். முதலாளி அதை இரண்டு முறை படித்துவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“எட்டிலக்கம், யாராவது கேட்டாங்களா?”

“இல்லீங்க.”

“அப்புறம் எதுக்குய்யா வலியப் போய்த் தலையைக் குடுக்கறீங்க? ஏழாவதுக்கு மட்டும் நம்பரை மாத்திடுவோம். மத்த ஆறுக்கும் நான் போன்லயே சொல்லிக்கறேன். சுவிட்சை மாட்டிக்கங்கன்னா மாட்டிக்கப் போறாங்க.”

“சுவிட்சைத் தூக்கிப் போட்டுட்டாங்க. போன்ல சொன்னா, கம்பிக்குப் பதிலா என்ன மாட்டுவாங்க? ஆய்வாளர் நேர்ல போய் முத்திரை வெச்சு நிறுத்தணும். அதுக்கு நான் எழுதின நம்பர் தப்புன்னு நானே எழுத்துல குடுக்கணும். வேற வழி இல்லீங்க.”

“வீட்டு வாசல்ல நாய் படுத்திருந்தா பின்கட்டு வழியா வர்ற ஆளு நீங்க. இன்னைக்கு எங்கேருந்து இவ்வளவு தைரியம்?”

“தைரியம் இல்லீங்க. பயம்தான். ஆளு மாறிடுச்சு, அவ்வளவுதான். இவ்வளவு நாளா எனக்காகப் பயந்தேன்.”

முதலாளி கெட்டவரல்லர். கடிதத்தைத் திருப்பித் தந்தார். “போங்க. ஆனா நான் படிச்சேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

சுங்கக் கூடத்தில் பெண் அதிகாரி கடிதத்தைப் படிக்கப் படிக்க, எட்டிலக்கம் மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றார். அதிகாரியின் முகத்தில் கோபமில்லை. அதுதான் அவரை அதிகம் அச்சுறுத்தியது.

“நேத்து நான் கையெழுத்துப் போட்டிருந்தா என் பேரும் இதுல சேர்ந்திருக்கும், இல்லையா?”

“ஆமா மேடம்.”

“கையொப்ப அட்டையைக் குடுங்க.”

எட்டிலக்கம் அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். அதிகாரி வாங்கி உறையிலிட்டு, மேலே தேதி எழுதினார். பிறகு தொலைபேசியை எடுத்துப் பாதுகாப்பு ஆய்வாளரின் எண்ணை அழுத்தினார். பத்திரங்களில் தாம் எழுதியிருந்த ஆறு வாங்குநர்களின் முகவரியையும் எட்டிலக்கம் பார்க்காமலே ஒப்பித்தார்.

அடுத்த பத்து நாள்களும் அவர் அலுவலக முன்னறையில் தபால் பிரிக்கும் மேசையில் அமர்ந்தார். ஆய்வாளரின் அறிக்கைகள் ஒவ்வொன்றாக வந்தன. முதற்பொறி, முத்திரையிடப்பட்டது, விபத்தில்லை. இரண்டாவது, அவ்வாறே. மூன்றாம் இடத்தில் சுவிட்சோடு வந்த நான்கு திருகையும் குளியலறைக் கதவுக்குப் போட்டிருந்தார்கள். நான்காம் இடத்தில், வேலையாள் ஒருவரின் கட்டைவிரல் நகம் போயிருந்தது, விரல் தப்பியது. அந்த ஒரு வரியை அவர் பலமுறை படித்தார். ஐந்தாவது, விபத்தில்லை.

ஆறாவது உறையில் அரைப்பக்கமே இருந்தது: வாங்கியவர் பொறியை வேறொருவருக்கு விற்றுவிட்டார், அந்தப் புது ஆளின் விவரம் அவரிடம் இல்லை, அறிவிப்பு ஒட்டப்பட்டது.

“எங்க ஒட்டினாங்களாம்? அந்த மெஷின் மேலயா?” என்று மனைவி கேட்டார்.

“வித்தவர் வீட்டுச் சுவர்ல.”

“நல்லா இருக்கு போங்க. சுவருக்குக் கை இருந்தா ஜாக்கிரதையா இருந்துக்கும்.”

அவருக்கு அன்றிரவு உறக்கமில்லை, மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அலுவலகத்தில், பழக்க தோஷத்தால், தம் இழுப்பறையைத் திறந்து ‘வாள் தகடு’ என்னும் அட்டையை எடுத்தார். வட்டவாள் தகடு பொறியோடு சேராது. தனியே வந்தால் அதற்குத் தனி எண். இந்தப் பொறிக்கான தகடு மற்றெந்த வாளுக்கும் பொருந்தாத விட்டமுடையது. மாதத்துக்கொன்று மழுங்கும். பொறியை யார் வைத்திருந்தாலும் தகட்டுக்கு ஓரிடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். நகரில் அதை வரவழைக்கும் கடை ஒன்றே ஒன்று. அதற்குப் பத்திரம் எழுதியவரும் இவரே.

கடைக்காரர் குறிப்பேட்டைப் புரட்டினார். “ஏழு பேர் வாங்கறாங்க சார். ஆறு பேரை உங்களுக்கே தெரியும், அதுல ஒருத்தர் மெஷினை வித்துட்டு இப்போ வர்றதில்ல. ஏழாவது ஆளு ரெண்டு மாசமா வர்றாரு. ரயில் பாலத்துக்குப் பின்னால செங்கல் சூளை. நேத்துக்கூட ஒண்ணு வாங்கிட்டுப் போனாரே.”

புதுத் தகடு. இன்று முழு வேகத்தில் ஓடும்.

அவர் பேருந்தில் ஏறினார். நிறுத்தம்தோறும் வண்டி நிற்கையில், சீக்கிரம் எடுக்கச் சொல்லி நடத்துநரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. பாலத்துக்கப்பால் இறங்கியபோதே உறுமல் கேட்டது. கிடங்கில் ஒருமுறைதான் கேட்டிருந்தார். ஆயினும் உடனே அடையாளம் தெரிந்தது. குடையைப் பேருந்திலேயே விட்டுவிட்டது பாதி தூரம் ஓடியபின்தான் நினைவுக்கு வந்தது.

சூளையின் பின்புறத்தில் மஞ்சள் பொறி மூச்சுவிடாமல் வேலை செய்துகொண்டிருந்தது. மேல்மூடி இறங்கவே இல்லை. அடிக்கடி திறப்பது தொல்லையென்று அதைத் தூக்கிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர் ஒரு கையால் நெம்புகோலைப் பிடித்தபடி, மறுகையால் பள்ளத்திலிருந்த சிராய்களை வழித்தெறிந்துகொண்டிருந்தார். தண்டு போய் வந்துகொண்டிருந்தது.

“நிறுத்துங்க!”

“என்ன பெரியவரே?”

“மெஷினை நிறுத்துங்க! கையை வெளிய எடுங்க!”

“நீங்க யாரு? ஆபீஸரா?”

சட்டைப்பையில் காட்ட அட்டையில்லை. “இதுக்கு நம்பர் எழுதினவன்.”

“வண்டி நம்பரா? போய் முதலாளியைப் பாருங்க. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு லோடு போகணும்” என்று சட்டைக்காரர் மறுபடி பள்ளத்துக்குள் கைவிட்டார்.

நாய்க்குப் பயந்து பின்கட்டு வழியே போகிற மனிதர் அடுத்துச் செய்ததை அங்கிருந்தவர்கள் பின்னர் பலரிடம் சொன்னார்கள். மரம் ஏற்றும் நீண்ட தொட்டி காலியாக இருந்தது. அவர் அதன் விளிம்பைப் பிடித்து ஏறி, முழங்கால் உரசிக் கால்சட்டை கிழிய, தொட்டிக்குள் கால்நீட்டி உட்கார்ந்துவிட்டார். நான்கு முழத்துக்கப்பால் வட்டவாள் சுழன்றுகொண்டிருந்தது. கட்டம்போட்ட சட்டைக்காரர் கத்திக்கொண்டே சாவியைத் திருப்பினார். உறுமல் அடங்கிற்று, வாள் மட்டும் சற்றுநேரம் சீறிச் சுழன்று நின்றது.

“பைத்தியமாய்யா உனக்கு? செத்துத் தொலைஞ்சா யாரு பதில் சொல்றது?”

எட்டிலக்கம் கைப்பேசியை எடுத்து ஆய்வாளரை அழைத்து இடத்தைச் சொன்னார். இரண்டு மணி நேரத்தில் வருவதாக ஆய்வாளர் சொன்னார்.

சூளை முதலாளி ஓடிவந்தார். விவரம் கேட்டார், நம்பவில்லை. மூடியின் மூலையிலிருந்த துண்டுக் கம்பியை எட்டிலக்கம் தொட்டிக்குள்ளிருந்தே சுட்டிக்காட்டியபோது குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் குரல் சற்றுத் தணிந்திருந்தது.

“சரி, ஓட்டல. ஆய்வாளர் வரட்டும். நீங்க இறங்குங்க.”

“வந்ததும் இறங்கறேன்.”

“ரெண்டு மணி நேரம் இதுலயேவா உக்காந்திருப்பீங்க?”

“ஆமாங்க.”

கட்டம்போட்ட சட்டைக்காரர் தம் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ நினைத்தவராய், ஒரு சாக்கை மடித்துத் தொட்டிக்குள் நீட்டினார். “பட்டை குத்தும் சார், இதைப் போட்டு உக்காருங்க.” பிறகு பொறியின் சாவியை உருவி, அதையும் அவர் கையில் வைத்தார். “இந்தாங்க. இனி ஓட்ட முடியாது. போதுமா? இறங்குங்க.”

எட்டிலக்கம் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பையை மேலிருந்து மூன்று முறை தொட்டுப் பார்த்தார். சாக்கைச் சரிசெய்து, அதன் மேல் நகர்ந்து உட்கார்ந்தார்.

“மாத்துச் சாவி எங்க இருக்கு?” என்று கேட்டார்.